ஈயம் போன பிறகு வந்த சென்சார்

பனமரத்துப்பட்டி பக்கம் பெட்ரோல் கார் வச்சிருக்கிறவங்க கிட்டப் பேசிப் பாருங்க, இந்தக் கதை அநேகமா இருக்கும். டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பாங்க. "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சுங்ணா, மாத்திரலாம்" என்பார் மெக்கானிக். சில ஆயிரம் ரூபாய் செலவாகும். சில வண்டிகளில் விளக்கு அணைந்துவிடும். சிலதில் ஒரு வாரம் கழித்து மறுபடியும் எரியும்.

இந்த "போயிருச்சு" என்ற சொல்தான் என்னைத் தேட வைத்தது. சாஃப்ட்வேர் வேலையில் இருபது வருஷமா ஒரு பாடம்: எரர் மெசேஜ் எந்த வரியைக் காட்டுதோ அந்த வரியில்தான் தப்பு இருக்கணும்னு இல்லை. அந்த வரி, பிரச்சினை எங்கே வெளியே தெரிந்தது என்று மட்டும் சொல்லும். காரிலும் அதே கதையா என்று பார்க்கப் போய், கடைசியில் ஒரு பழைய மின்விளக்கு, ஓர் அமெரிக்க மாநிலத்தின் புகை, டெல்லியில் நடந்த ஒரு வழக்கு என்று எங்கெங்கோ போய்விட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், அது என்ன செய்கிறது?

பெட்ரோல் முழுசா எரிய ஒரு கணக்கு இருக்கிறது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. காற்று குறைந்தால் எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் வெளியே போகும். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கையாள முடியாமல் போகும். சரியான கலவையை "லாம்டா 1" என்பார்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு லாம்டா சென்சார் என்ற பெயரும் அதனால்தான்.

சென்சார், என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயில் திருகப்பட்டிருக்கும். உள்ளே தையற்காரர் விரலுறை மாதிரி ஒரு சின்னப் பீங்கான் குப்பி. சிர்க்கோனியா என்ற ஆக்சைடில் கொஞ்சம் இட்ரியா கலந்து சுட்டது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகையில் நனையும், உள்பக்கம் சாதாரணக் காற்றைத் தொடும். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடானால் இந்தப் பீங்கான் வழியாக ஆக்சிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும். இரு பக்கமும் ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுதோ, அதற்கேற்ப ஒரு மின்னழுத்தம் வரும்.

புகையில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை என்றால் 0.8, 0.9 வோல்ட். மிச்ச ஆக்சிஜன் இருந்தால் 0.1 வோல்ட் பக்கம். நடுவில் 0.45. இதைப் பார்த்து என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடியும் பார்க்கும். நம்ம பாஷையில் சொன்னால் ஃபீட்பேக் லூப். ஆகவே நல்ல சென்சாரின் வோல்டேஜ் ஒரே இடத்தில் நிற்காது. ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டாலோ, மெதுவாக ஆடினாலோதான் கவலை.

விளக்கில் பிறந்த பீங்கான்

அந்த மின்னழுத்தத்தைக் கணக்கிட உதவும் சமன்பாடு வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானியுடையது. 1889-ல் எழுதியது. பொறியியல் முதலாண்டு வேதியியலில் படித்து, தேர்வு முடிந்ததும் எல்லாரும் மறந்துபோகும் அதே நெர்ன்ஸ்ட் சமன்பாடு. ஆச்சரியம் என்னன்னா, சென்சாரில் இருக்கும் பீங்கானும் அவர் கைப்பட்டதுதான்.

1890-களின் கடைசியில் அவர் ஒரு மின்விளக்கைக் கண்டுபிடித்தார். எடிசன் விளக்கில் கார்பன் இழை, காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். நெர்ன்ஸ்ட் விளக்கில் சிர்க்கோனியாவும் இட்ரியாவும் கலந்த ஒரு சிறு குச்சி. அது வெறும் காற்றிலேயே வெள்ளையாக ஒளிரும். ஒரே தொந்தரவு, குளிர்ந்த நிலையில் அந்தக் குச்சி மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் சூடாக்க வேண்டும், அதற்காக விளக்குக்குள்ளேயே தனியாக ஒரு ஹீட்டர் சுருளை வைத்தார்கள். ஏஇஜி நிறுவனம் உரிமையை வாங்கியது, கொஞ்ச வருஷம் நன்றாக விற்றது. பிறகு டங்ஸ்டன் இழை வந்து அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நெர்ன்ஸ்ட்டுக்கு வேறு ஆய்வுக்காக 1920-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைக்கு உங்க கார் சென்சாரில் நான்கு ஒயர் இருக்கிறதே, அதில் இரண்டு ஹீட்டருக்கு. அந்த விளக்குக்கு இருந்த அதே தொந்தரவு, அதே தீர்வு.

சிர்க்கோனியம் நமக்குத் தூரத்துப் பொருளும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலிருந்து ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனம் பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்க்கானும் ஒன்று. சிர்க்கோனியா தயாரிக்க அதுதான் மூலப்பொருள்.

விளக்கு செத்தாலும் பீங்கான் சாகவில்லை. திடப்பொருளுக்குள் ஆக்சிஜன் எப்படி நகர்கிறது என்பதை 1943-ல் கார்ல் வாக்னர் விளக்கினார். இட்ரியா கலக்கும்போது படிகத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகின்றன, அந்தக் காலியிடங்கள் வழியாகத்தான் நடமாட்டம். பேருந்தில் ஒரு சீட்டு காலியானால் ஒருவர் நகர்ந்து உட்கார, அவர் இடத்துக்கு அடுத்தவர் வருகிற மாதிரி. 1961-ல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வாளர்கள் வைஸ்பார்ட்டும் ருக்காவும் இதே பீங்கானை வைத்து ஆக்சிஜன் அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். கார் அப்போது கணக்கிலேயே இல்லை.

கலிபோர்னியா புகை

காரை உள்ளே இழுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டம். கண்ணெரிச்சல் தரும் அந்தப் புகைக்குக் கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் சூரிய ஒளியில் மாறுவதே காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகென் ஸ்மிட் என்ற விஞ்ஞானி காட்டினார். 1970-ல் அமெரிக்காவில் கடுமையான காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வர ஆரம்பித்தது.

அந்த முதல் கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும்தான் சுத்தம் செய்தன. நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்து மூன்றையும் ஒரே பெட்டியில் முடிக்க வேண்டுமானால், காற்றும் பெட்ரோலும் லாம்டா 1-ஐ விட்டுக் கொஞ்சமும் விலகக் கூடாது. கார்புரேட்டரை ஸ்க்ரூ டிரைவரால் திருகி அந்தத் துல்லியத்தைக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு நொடியும் புகையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் நெர்ன்ஸ்ட்டின் பீங்கான். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அதைக் கார் அதிர்ச்சியும் வெப்பமும் தாங்கும் உறுப்பாக மாற்றி 1976-ல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடனின் வோல்வோ தன் 240 வரிசைக் கார்களில் அதைப் பொருத்திக் கலிபோர்னியாவில் 1977 மாடலாக விற்றது. வோல்வோ தரப்பில் இதை முன்னின்று நடத்தியவர் ஸ்டீபன் வால்மன் என்ற பொறியாளர். ஹீட்டர் வைத்த சென்சார் 1982-ல் வந்தது.

ஈயத்தோடு வாழ முடியாது

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு விஷயத்தில் சிக்கியிருந்தது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் கன்வெர்ட்டரும் சாகும், சென்சாரும் சாகும். இரண்டிலும் வேலை செய்வது பிளாட்டினம் போன்ற உலோகங்களின் மேற்பரப்பு, ஈயம் அந்த மேற்பரப்பில் படிந்து மூடிவிடும்.

பெட்ரோலில் ஈயம் எதுக்கு? என்ஜின் 'நாக்கிங்' ஆகாமல் இருக்க. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎத்தில் லெட் என்ற சேர்மத்தின் இந்தக் குணத்தைக் கண்டார். 1924-ல் நியூ ஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் மதி கலங்கினார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். ஆனாலும் அரை நூற்றாண்டு உலகம் முழுக்க ஓடியது. பூமியின் வயதைக் கணக்கிட்ட க்ளேர் பேட்டர்சன் 1965-ல், மனித உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையான அளவைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது என்று எழுதியபோது தொழில்துறை அவர்மேல் பாய்ந்தது.

கடைசியில் ஈயத்தை வெளியேற்றியதில் கன்வெர்ட்டருக்கும் பெரிய பங்கு உண்டு. புது கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் கட்டாயம் ஆனதால் அமெரிக்காவில் ஈயப் பயன்பாடு விழ ஆரம்பித்தது. 1976-க்கும் 1980-க்கும் நடுவில் அங்கே மக்களின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு சுமார் 37 சதவீதம் குறைந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பொருள். புகைக்குழாயில் இருக்கும் ஒரு பெட்டியைக் காப்பாற்றப் போய், குழந்தைகளையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சென்னைக்கு 1995, சேலத்துக்கு?

இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தது கார் கம்பெனிகள் இல்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-ல் டெல்லியின் வாகனப் புகை தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1991-ல் நீதிபதி சைக்கியா தலைமையில் ஒரு குழு அமைந்தது. எதிர்ப்புகளைத் தாண்டி, 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. அதே நாளிலிருந்து அங்கே ஈயமில்லாத பெட்ரோலும் கிடைத்தது.

அதுக்கு முன்னாடி நம் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம் என்று இருந்தது. பெருநகரங்களில் 1994-ல் அது 0.15 ஆனது. நாடு முழுவதும் ஈயம் போனது 2000 பிப்ரவரியில்.

நடுவில் இருக்கும் இந்த ஐந்து வருஷத்தைக் கவனிங்க. 1995-ல் சென்னையில் கன்வெர்ட்டரோடு கார் வாங்கிய ஒருவர், சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு பொங்கலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஈயம் கலந்த பெட்ரோலை நிரப்பினால் கன்வெர்ட்டருக்குக் கேடு. சட்டம் நகரத்தோடு நின்றது, சாலை நிற்கவில்லை. உறுப்பை மட்டும் கொண்டுவந்தால் போதாது, அது உயிர் வாழும் பெட்ரோலும் கிராமத்துப் பங்க் வரைக்கும் வரவேண்டும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

அப்போது நம் ஊர் கார்களில் பெரும்பாலும் கார்புரேட்டர்தான். ஆக்சிஜன் சென்சார் பரவலானது மல்ட்டி பாயின்ட் இன்ஜெக்ஷன் வந்த பிறகு. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998-ல் வந்த ஹூண்டாய் சாண்ட்ரோவில் அது இருந்தது. 2000-ல் மாருதி 800-க்கும் வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் யூரோ 1-க்கு இணையான விதி நாடு முழுக்க அமலானது. "எம்பிஎஃப்ஐ" என்ற ஸ்டிக்கரைக் காரின் பின்னாடி பெருமையா ஒட்டிய காலம் நினைவிருக்கலாம். அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் வேலை பார்த்தது இந்தப் பீங்கான் குப்பி.

அடுத்து பிஎஸ் 4 கார்களுக்கு 2010-லிருந்து ஓபிடி என்ற சுயபரிசோதனை ஏற்பாடும், 2013-லிருந்து அதன் இரண்டாம் கட்டமும் வந்தன. கன்வெர்ட்டருக்குப் பின்னாடியும் ஒரு சென்சார் வைத்து, கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யுதா என்று காரே வேவு பார்க்க ஆரம்பித்தது. அந்த மஞ்சள் விளக்கின் பின்னணி இதுதான்.

ஒரு காரை வைத்துப் பார்த்தது

இனி நடைமுறை. என்னிடம் இருப்பது பழசா வாங்கிய 2014 மாடல் பெட்ரோல் கார். பனமரத்துப்பட்டிக்கு வந்திருந்தபோது விளக்கு எரிந்தது, மைலேஜும் இறங்கியிருந்தது. ப்ளூடூத் டாங்கிளை மாட்டிச் செல்போனில் பார்த்தால் பி 0133. முதல் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது என்று அர்த்தம். உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் தம்பி நல்ல வேலைக்காரர். "மாத்திரலாங்ணா" என்றார். "மாத்தலாம், அதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்திரலாமா?" என்றேன். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

முதலில் புகைக்குழாய் ஓட்டை. சென்சாருக்கு முன்னால் மூட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் "ஆக்சிஜன் கூடிப்போச்சு" என்று சொல்லும். பொய் சொல்வது சென்சார் இல்லை, ஓட்டை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூட்டுகளில் சோப்புத் தண்ணி அடித்து, ஸ்டார்ட் செய்து பார்த்தோம். குமிழி வரவில்லை.

இரண்டாவது, ஒயரும் ஹீட்டரும். கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, ஒயர் சைலன்சர் சூட்டில் உருகியிருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டு வெள்ளை ஒயர்களுக்கு நடுவில் மல்ட்டிமீட்டர் வைத்தால் சில ஓம் காட்டியது. ஹீட்டர் அறுந்திருந்தால் எதுவும் காட்டியிருக்காது.

மூன்றாவது, சென்சாரையே கேள்வி கேட்பது. வண்டியை நன்றாகச் சூடாக்கி 2500 ஆர்பிஎம்மில் வைத்துச் செல்போனில் வோல்டேஜ் கோட்டைப் பார்த்தோம். நொடிக்கு ஒரு முறையாவது 0.45-ஐத் தாண்டி ஏறி இறங்க வேண்டியது, மூன்று நான்கு நொடிக்கு ஒரு தடவை சோம்பலாக நகர்ந்தது. ஒரு வேக்குவம் ஹோஸைக் கொஞ்ச நேரம் கழற்றினோம். கூடுதல் காற்று புகுந்ததும் வோல்டேஜ் சட்டென்று விழ வேண்டும். யோசித்து யோசித்து விழுந்தது. இப்போதுதான் சென்சார்மேல் பழி போட ஆதாரம் கிடைத்தது.

இதுவே பி 0171 என்று வந்திருந்தால் கதை வேறு. அது "கலவையில் பெட்ரோல் குறைவு" என்ற கோடு. சென்சார் பெயர் அதோடு அடிபட்டாலும், வெடித்த ஹோஸோ, அடைத்த ஃப்யூல் ஃபில்டரோ, பலவீனமான பம்போ காரணமாக இருக்கலாம். அந்த நேரத்தில் சென்சாரை மாற்றுவது, தந்தி கொண்டுவந்த ஆளை அடித்து அனுப்புகிற வேலை.

கழற்றுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, பொறுமைதான். முதல் நாள் ராத்திரி மரையில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விட்டோம். காலையில் என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டில், பக்கவாட்டில் பிளவு உள்ள 22 எம்எம் சாக்கெட் போட்டுத் திருகினோம். புதுசின் மரையில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கும் பசை தடவியே வந்திருந்தது. அது முனையில் படக்கூடாது. விரலும் படக்கூடாது. பிறகு கோடை அழித்து, ராசிபுரம் வரை ஒரு சுற்று. கோடு திரும்ப வரவில்லை, ஊஞ்சல் ஒழுங்காக ஆடியது.

பழைய சென்சாரின் முனையைப் பார்த்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. கறுப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் கூடுதல், பழுப்பு என்றால் எண்ணெய். வெள்ளைக்கு ஒரு வழக்கமான காரணம் சிலிக்கோன். என்ஜின் மேல்மூடி ஓரத்தில் முன்பு யாரோ சிலிக்கோன் பசையைத் தாராளமாக அப்பியிருந்தார்கள். எல்லாச் சிலிக்கோன் பசையும் சென்சாருக்கு ஆகாது. சிலவற்றின் ஆவி என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்து, மணல் மாதிரி சிலிக்காவாகச் சென்சாரில் படியும். ஐம்பது வருஷம் முன்பு ஈயம் செய்த அதே வேலை, சின்ன அளவில். சென்சாரை மட்டும் மாற்றி, பசையை அப்படியே விட்டிருந்தால் புதுசும் கெட்டிருக்கும். மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்ட பிறகுதான் சென்சாரை மாட்டினோம்.

லாரிக்கும் வந்துவிட்டது

இது பெட்ரோல் கார்க்காரன் கவலை, நமக்கென்ன என்று நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் ரொம்ப நாள் இருக்க முடிந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு அது முடியவில்லை. இன்றைய டீசல் லாரியின் புகைக்குழாயில் யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிறார்கள். சரியாகக் குறைந்ததா என்று பார்க்க நாக்ஸ் சென்சார் இருக்கிறது. அதன் உள்ளே இருப்பதும் சிர்க்கோனியாப் பீங்கான்தான். கெட்டால் வண்டியின் இழுவை குறைக்கப்படும். பாரம் ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேட்டில் நிற்கும் டிரைவருக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை. விலையும் கார் சென்சார் மாதிரி இல்லை.

அதனால்தான் "எமுலேட்டர்" என்ற ஒரு பெட்டிக்குச் சந்தை வந்திருக்கிறது. சென்சாருக்குப் பதில் அது "எல்லாம் சரி" என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். கார்களிலும் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் பின் சென்சாரை ஏமாற்றும் வித்தைகள் உண்டு. விளக்கு அணையும், புகை அப்படியே இருக்கும். லாரி உரிமையாளரின் செலவு நிஜமானது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் புகையைச் சுவாசிப்பது முதலில் அந்த டிரைவரும், பைபாஸ் ஓரத்தில் டீக்கடை வைத்திருப்பவரும், அவர்கள் பிள்ளைகளும்தான்.

உலகத்தில் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. அங்கே அது நின்றது 2021-ல். மிட்ஜ்லி தொடங்கி நூறு வருஷம். இந்தச் சென்சார் ஒரு ஊரில் உயிரோடு வேலை செய்கிறது என்றாலே, அந்த ஊர்ப் பெட்ரோலில் ஈயம் இல்லை என்று பொருள். அவ்வளவு பேர் சண்டை போட்டு நம் ஊர் வரைக்கும் கொண்டுவந்த ஒன்றை, சொல்வதைக் கேட்காமல் மாற்றவும் வேண்டாம், வாயை அடைக்கவும் வேண்டாம். கோடு என்ன சொல்லுதுன்னு பாருங்க, ஓட்டையைத் தேடுங்க, ஒயரைப் பாருங்க, ஊஞ்சல் ஆடுதான்னு பாருங்க. அதுக்கப்புறமும் செத்துப்போச்சுன்னா, தாராளமா மாத்துங்க.